தோடர் மந்துகளும் இடைநின்ற குரல்களும்: நீலகிரிப் பயண எழுத்தின் வளர்ச்சி, 1603–1986

நீலகிரி மேட்டுநிலத்தின் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழும் தோடர்கள் நெடுங்காலமாக ஆயிரம் பேருக்கும் குறைவான தொகையினராகவே இருந்துவந்தனர். ஆயினும் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் அறிக்கைகளும் கடிதங்களும் தென்னிந்தியாவின் பெருங்குடிகள் பலவற்றுக்குக்கூட வாய்க்காத அளவில் பெருகியுள்ளன. மறைப்பணியாளர், கலெக்டர், படைத்தலைவர், மண்டையோட்டு அளவையாளர், உளவியலாளர், மொழியியலாளர் எனப் பலதரப்பட்டோர் அம்மலைக்கு ஏறிவந்து, தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தனர். இவ்வெழுத்துகளை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தோர் பெரும்பாலும் எழுதியவரின் நாடு, சமயம், கோட்பாடு ஆகியவற்றையே கருத்தில் கொண்டனர். பயணிக்கும் தோடருக்கும் இடையே நின்று பேச்சை மாற்றித் தந்தவர் யார், அவர் எம்மொழியில் கேட்டு எம்மொழியில் சொன்னார், அதனால் எது பதிவாயிற்று, எது விடுபட்டது என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. தோடர் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு, ஒரு பெரும்பகுதி, இந்த இடையாளர்கள் மாறிய வரலாறே என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

மலையின் வாழ்வொழுங்கு

தோடர் குடியிருப்பு மந்து எனப்படும். ஒரு மந்தில் சில குடும்பங்களே வாழும். அரைவட்டமாக வளைந்த கூரையும், குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாயிலும் உடைய வீடுகளும், எருமைப் பட்டியும், அவற்றினின்று விலகி ஒரு பால்கோயிலும் அங்கே இருக்கும். பால்கோயில் என்பது புனித எருமைகளின் பாலைக் கறந்து, தோய்த்து, கடைந்து, வெண்ணெயும் நெய்யும் ஆக்கும் இடம். அத்தொழில் முழுவதும் சடங்காகவே நிகழ்வதால் அக்குடிலே கோயிலாகவும், பால் தொழிலைச் செய்பவரே பூசகராகவும் கருதப்படுகின்றனர். மிக உயர்ந்த தூய்மை நிலையில் உள்ள பால்கோயிலின் பூசகர் பாலோள் எனப்படுவார்; அப்பதவியில் இருக்கும்வரை அவர் மணவாழ்வையும் ஊர் வாழ்வையும் துறந்திருக்க வேண்டும். வறண்ட மாதங்களில் மேய்ச்சல் குறையும்போது, குந்தா, முக்கூர்த்தி பக்கத்து ஈரமான புல்வெளிகளுக்கு எருமைகளை ஓட்டிச் சென்று, மழைக்குப்பின் திரும்பும் பருவ இடப்பெயர்வு அவர்களிடம் இருந்தது. முதன்முதலாக மலையேறிய வெளியார் சிலர் வெறுமையான மந்துகளைக் கண்டு, அவை கைவிடப்பட்டவை எனப் பிழைபடக் கொள்ள இவ்வழக்கம் இடமளித்தது.

இம்மக்கள் தனித்து வாழ்ந்தவர் அல்லர். மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து, சாவுச் சடங்குகளில் இசைக்கும் பொறுப்பையும் ஏற்றவர் கோத்தர். தானியம் விளைவித்தவர் படகர். காட்டுப்பொருள்களைத் தந்தவரும் மந்திர ஆற்றல் உடையவர் என அஞ்சப்பட்டவரும் குறும்பர். பால்பொருள்களை அளித்தவர் தோடர். குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த இப்பண்டமாற்று உறவால், ஒவ்வொரு குடியும் மற்றக் குடியின் பேச்சை ஓரளவு அறிந்திருந்தது. எண்ணிக்கையில் மிகுந்த படகரின் மொழி மலைமுழுவதும் பொதுவாக வழங்கியது. வெளியிலிருந்து வந்த எவரும் தோடரை அணுகுமுன் வேறொரு குடியையும் வேறொரு மொழியையும் கடந்தாக வேண்டியிருந்ததற்கு இவ்வமைப்பே காரணம்.

1603: முதற் பதிவு

தோடரைப் பற்றிய விரிவான முதல் ஐரோப்பியப் பதிவு, இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜாக்கமோ ஃபெனிசியோ 1603ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டையிலிருந்து போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய கடிதமாகும். புனித தோமாவின் வழிவந்த பழைய கிறித்தவர் சிலர் மலைமேல் மறந்துபோன நிலையில் வாழ்கின்றனர் என்ற செய்தி மலபாரில் பரவியிருந்தது. அதை ஆராய அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் முயற்சி மேற்கொண்டதன் தொடர்ச்சியாகவே ஃபெனிசியோவின் பயணம் அமைந்தது. மன்னார்க்காட்டு வழியாகக் கடினமான ஏற்றங்களைக் கடந்து மலையுச்சியை அடைந்த அவர், முதலில் படகர் ஊரையும் பின்னர் தோடரையும் கண்டார்.

அக்கடிதத்தில் குறிப்பிடத்தக்க பகுதி பூசகருடன் நடந்த உரையாடல். நீண்ட தாடியும் தோளில் புரளும் கூந்தலும் கொண்ட பெரிய உடலமைப்புடையவராக அப்பூசகரை ஃபெனிசியோ வருணிக்கிறார். அவர் பெண்களிடமிருந்து விலகியிருப்பதும், கழுத்தில் மணி கட்டிய ஓர் எருமைக்கு நாள்தோறும் பால் படைப்பதும், உடன்பிறந்த ஆண்கள் ஒரே மனைவியுடன் வாழ்வதும் அதில் பதிவாகியுள்ளன. பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்து அவர்தம் நல்லெண்ணத்தைப் பெற்றதையும் அவர் மறைக்கவில்லை. கிறித்தவத்தின் சுவடு எதையும் காணாத நிலையில், மக்கள் சிலரே என்பதாலும் மலை கடுமையானது என்பதாலும் அங்கே உடனடியாக மறைப்பணி தொடங்குவது பயன்தராது என்னும் முடிவுக்கு வந்தார்.

தேடிப்போனது கிடைக்காததே இக்கடிதத்துக்கு அதன் மதிப்பைத் தந்தது எனலாம். கிறித்தவச் சடங்குகளின் எச்சத்தைக் கேட்டறிய எழுப்பிய வினாக்களுக்கு, எருமையும் பாலும் மணியுமே விடையாக வந்தன. அவ்விடைகளை அவர் பெரிதும் திரிக்காமல் எழுதிவைத்தார். கைப்படியாகக் கிடந்த அக்கடிதம் மூன்று நூற்றாண்டுக்குப்பின் உளவியலாளர் ரிவர்ஸ் எழுதிய நூலின் பிற்சேர்க்கையாக ஆங்கிலத்தில் அச்சேறியபோது, பால்கோயில் வழிபாட்டின் அடிப்படைகள் இடைக்காலத்தில் அதிகம் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்றாயிற்று. எனினும் உரையாடல் மொழிபெயர்ப்பாளர் வழியாக நடந்ததாகையால், நம்பிக்கை, தெய்வம், இறந்தோர் உலகு போன்றவை குறித்து அது தரும் செய்தி மிகக் குறைவு. கண்ணால் கண்டவற்றில் தெளிவும், காதால் கேட்டவற்றில் வறுமையும் என்னும் இந்த ஏற்றத்தாழ்வு அடுத்த மூன்று நூற்றாண்டுப் பயண எழுத்துக்கும் பொதுவான இயல்பாக நீடித்தது.

சாலையும் தோற்றக் கோட்பாடுகளும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1812இல் கீஸ், மக்மஹோன் ஆகிய நில அளவையாளர் மேலே சென்று குறிப்பெழுதினர்; 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு முதற்பாதை அமைந்ததும், தோடர் மந்து இருந்த உதகையில் சல்லிவன் கல்வீடு கட்டியதும் 1820களின் தொடக்க நிகழ்ச்சிகள். பத்தாண்டுக்குள் நோயுற்ற ஐரோப்பியர் உடல்நலம் தேடி வந்து தங்கும் இடமாக மலை மாறியது. ஃபெனிசியோவுக்கு நாள்கணக்கில் உயிரைப் பணயம் வைக்கும் ஏற்றமாக இருந்த வழி, குதிரையும் பல்லக்கும் செல்லும் வழியானபோது, தோடரைக் காண்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கும் ஆயிற்று.

மலைநிலம் முழுவதன்மீதும் தோடருக்கு உரிமை உண்டு, அதை எடுத்தால் ஈடு தரவேண்டும் என்று சல்லிவன் வாதிட்டார். 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் அக்கருத்தை ஏற்கவில்லை. தோடர் யார் என்ற வினா நிலம் யாருடையது என்ற வினாவோடு அன்றே பிணைந்துவிட்டது. 1832இல் இலண்டனில் வெளிவந்த கேப்டன் ஹென்றி ஹார்க்னஸின் நூல், தோடரைத் தனிப்பொருளாகக் கொண்டு எழுந்த முதல் நூல். உயர்ந்த உடலமைப்பும், எவருக்கும் பணியாத நடையும், கூரிய மூக்கும் அவரை ஈர்த்தன. அவருக்குப் பின்வந்தோர் இத்தோற்றத்தையே சான்றாகக் கொண்டு, தோடர் எங்கிருந்து வந்தவர் என்று ஊகிக்கத் தொடங்கினர். இஸ்ரவேலின் தொலைந்துபோன குலம் என்று சிலரும், உரோமர் வழியினர் என்று சிலரும் கூற, 1847இல் கேப்டன் காங்கிரீவ் அவர்களைச் சித்தியரோடு தொடர்புபடுத்தினார். 1880களில் பிளாவட்ஸ்கி அம்மையார் உருசிய இதழில் எழுதிய தொடரில் தோடர் மறைஞான ஆற்றல் பெற்றவராகவே ஆகிவிட்டனர். கிரேக்க இளவரசர் பீட்டர், தோடரிடையே நிலவிய பலகணவர் மணத்தை ஆராய்ந்து நேர்மையாகப் பல செய்திகளைத் திரட்டியவர். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவரும் சுமேரியத் தொடர்பைத் தேடும் ஆசையிலிருந்து விடுபடவில்லை.

இக்கோட்பாடுகள் யாவும் தோடரின் பேச்சைக் கேளாமலே உருவாக்கக்கூடியவை. முகமும் உடையும் தாடியும் போதும் என்ற நிலையில், இடையாளரின் தேவையே எழவில்லை. தோற்ற ஆராய்ச்சி செழித்த காலமும் தோடர் மொழி அறியப்படாதிருந்த காலமும் ஒன்றாக இருந்ததைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

படகமொழி வழியே: மெட்ஸ், போப், மார்ஷல்

மொழியின் பக்கம் கவனம் திரும்பியது மறைப்பணியாளரால். 1830களில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் தோடர் பேச்சு தென்னிந்திய மொழிகளைச் சார்ந்தது எனக் கண்டார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் தோட மொழியும் கோத்த மொழியும் திராவிடக் குடும்பத்தில் இடம்பெற்றன. இத்துடன் இஸ்ரவேலரும் சித்தியரும் விடைபெற்றிருக்க வேண்டும். ஆனால் மொழிச்சான்றை மதியாமல் தோற்றச் சான்றையே நம்பியவர் பின்னரும் இருந்தனர். அக்காலத்தில் மந்துகளுக்கெல்லாம் நடந்தே சென்று பழகியவர் பாசல் மிஷனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் மெட்ஸ். படகரிடையே நெடுங்காலம் பணியாற்றிய அவர், மலைக்குடிகளின் சமூக வழக்கங்களைத் தொகுத்து நூலாக்கினார். அவருடைய செய்திகள் பல படகமொழி வழியாகவும் படகர் கண்ணோட்டத்தின் வழியாகவும் வந்தவை. தோடரைச் சோம்பேறிகள் என்றும் இரந்துண்போர் என்றும் காணும் உழவர்குடிப் பார்வை அக்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இவ்வழியும் ஒரு காரணமாகலாம்.

மெட்ஸ் திரட்டித் தந்த தோடச் சொற்களையும் தொடர்களையும் கொண்டு ஒரு சுருக்க இலக்கணத்தை எழுதியவர், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலப்படுத்திய ஜி. யு. போப். உதகையில் பள்ளி நடத்திவந்த அவர் எழுதிய அவ்விலக்கணம், 1873இல் வெளிவந்த கர்னல் வில்லியம் மார்ஷலின் நூலில் இணைப்பாக இடம்பெற்றது. மார்ஷல் மண்டையோட்டியலில் நம்பிக்கை கொண்டவர். மண்டையின் மேடுபள்ளங்களை அளந்து மனிதரின் குணத்தை அறியலாம் என்னும் அக்கொள்கை அப்போதே அறிவியல் மதிப்பை இழந்துகொண்டிருந்தது. தோடர் ஒருவர் பேசியதை மெட்ஸ் குறித்தார், மெட்ஸ் குறித்ததைப் போப் தமிழிலக்கணப் புலமையோடு ஒழுங்குபடுத்தினார், அதைத் தலையளக்கும் கருவியோடு வந்த ஒருவர் தம் நூலில் சேர்த்தார் என்ற இச்சங்கிலி, அந்நூற்றாண்டின் அறிவுமுறையைத் தெளிவாகக் காட்டுகிறது. அதே 1873இல், நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்து முந்தைய ஆண்டில் இறந்த பிரீக்ஸின் நூலும் வெளிவந்தது. பழைய கல்வட்டங்களையும் குடிகளின் வழக்கங்களையும் அரசு நோக்கில் வரிசைப்படுத்தியது அது. 1890களில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் இடுக்கியும் கொண்டு வந்து உடல் அளவைகளைத் தொகுத்தார்.

ரிவர்ஸ்: பெயர்களைக் கேட்ட முறை

1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாரஸ் நீரிணைக்கு அனுப்பிய குழுவில் இடம்பெற்றிருந்த மருத்துவரும் உளவியலாளருமான டபிள்யு. எச். ஆர். ரிவர்ஸ், 1901–02இல் நீலகிரிக்கு வந்தார். பார்வைக் கூர்மை, நிற உணர்வு முதலியவற்றைச் சோதிப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1906இல் வெளிவந்த ‘தி டோடாஸ்’ என்னும் பெருநூல். அதன் அடிப்படை, டாரஸ் நீரிணையில் அவர் உருவாக்கிய குலவழி முறை: பொதுவான வழக்கம் என்ன என்று கேளாமல், ஒவ்வொருவரின் தந்தை, தாய், உடன்பிறந்தார், மணந்தவர் ஆகியோரின் பெயர்களைத் தலைமுறை வாரியாகத் தொகுத்து, அந்த உறவு வலையைக் கொண்டே சமூக அமைப்பை அறிவது. இறந்தவருக்குச் சடங்கு செய்பவர் யார் என்று கேட்டால் பொதுவிடை கிடைக்கும். குறிப்பிட்ட ஒருவர் இறந்தபோது செய்தவர் யார் என்று கேட்டு, அவர் பெயரைக் குலவழிப் பட்டியலில் தேடினால் உறவு தானே வெளிப்படும். சொன்னவரின் நினைவையும் மொழிபெயர்த்தவரின் சொல்லையும் இவ்வாறு ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்க முடிந்தது.

இம்முறைக்குத் தோடரிடம் ஒரு கடுமையான தடை இருந்தது. இறந்துபோன உறவினரின் பெயரை வாயால் சொல்வது அவர்களிடம் விலக்கப்பட்ட செயல். எனவே ஒரு குடும்பத்தின் வரலாற்றை அக்குடும்பத்தாரிடம் கேட்க இயலாமல், வேறு குடும்பத்தவரிடம் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அவ்வாறு திரண்ட எழுபதுக்கும் மேற்பட்ட குலவழி அட்டவணைகள் நூலின் இறுதியில் உள்ளன. தார்த்தாரோள், தெய்வாளியோள் என்ற இரு பெரும் பிரிவுகளும், அவற்றுள் அடங்கிய குலங்களும், அவற்றுக்குரிய மந்துகளும் பால்கோயில்களும் அவற்றால் தெளிவாயின. பலகணவர் மணத்தில் தந்தை யார் என்ற வினாவுக்கும் விடை கிடைத்தது: மனைவி கருவுற்ற ஏழாம் மாதத்தில் கணவருள் ஒருவர் செடியாலும் புல்லாலும் ஆகிய சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தால், அவரே அக்குழந்தைக்குத் தந்தை, வேறொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை. தந்தைமை என்பது பிறப்பால் மட்டுமன்றிச் சடங்காலும் நிறுவப்படலாம் என்ற இச்செய்தி, உறவுமுறை ஆய்வில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது.

ரிவர்ஸுக்குத் தோடமொழி தெரியாது; மறைப்பணியைச் சார்ந்த உபதேசியார் உள்ளிட்ட மொழிபெயர்ப்பாளரை நம்பியே அவர் உழைத்தார். அதை ஒளிக்காமல், எச்செய்தி எவ்வாறு கிடைத்தது, எதில் ஐயம் உள்ளது என நூல் முழுவதும் குறித்துக்கொண்டே சென்றது அவருடைய தனிச்சிறப்பு. அவ்வெளிப்படைத் தன்மையால்தான் இன்னொரு செய்தியும் பதிவாயிற்று. புனிதச் சடங்குகளின் நுட்பங்களை அவருக்குச் சொன்ன தோடர் சிலருக்கு அடுத்தடுத்து நோயும் குடும்பத்தில் சாவும் நேர்ந்தன. மறைபொருளை அயலாரிடம் சொன்னதால் தெய்வங்கள் சினந்தன என்று குறிசொல்வோர் கூற, அதன்பின் பலர் பேச மறுத்தனர். நூலின் புகழ் எழுதியவருக்குச் சேர, அதற்கான அச்சமும் பழியும் சொன்னவர்மீது விழுந்தன. பழங்குடி ஆய்வின் அறநெறி பற்றிய விவாதங்கள் எழுவதற்குப் பல பத்தாண்டு முன்பே, அவ்வறநெறிச் சிக்கல் இங்கே வெளிப்பட்டிருந்தது.

மொழி கற்ற தலைமுறை

மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்திருந்ததன் எல்லை 1930களில் புலப்பட்டது. எட்வர்ட் சபீரின் தூண்டுதலால் 1935இல் இந்தியா வந்து 1938 வரை தங்கிய மொழியியலாளர் எமெனோ, தோடம், கோத்தம், படகம், குடகு, கோலாமி ஆகியவற்றை நேராகப் பயின்றார். உயிரொலிகளின் பெருக்கத்தாலும், மூச்சொலியாகவே ஒலிக்கும் லகர ளகர வகைகளாலும் தோடம் வெளியார் காதுக்கு எளிதில் பிடிபடாதது. அதற்கு முந்தைய குறியீடுகள் ஏன் ஒன்றோடொன்று முரண்பட்டன என்பது எமெனோவின் ஒலியாய்வுக்குப் பிறகே விளங்கியது. 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தோடரிடம் தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குழுக்களும் உள்ளன, மணவிலக்கு இரண்டாலும் நிர்ணயிக்கப்படுகிறது என்று காட்டியது. அக்குழுக்களுக்குரிய சொல்லை ரிவர்ஸ் கேட்டு எழுதியும் இருந்தார். ஆனால் அதை மணம்புரியத் தகாத உறவினரின் தொகுதி என்றே கொண்டார். நூற்றுக்கணக்கான பெயர்களைப் பிழையின்றித் திரட்டிய முறைக்கும் எட்டாத ஒன்று, மக்கள் தம் மொழியில் இயல்பாகப் பேசிக்கொள்வதைக் கேட்டவருக்கு எட்டியது.

எமெனோவின் 1971ஆம் ஆண்டு வெளியீடான ‘தோடப் பாடல்கள்’ ஆயிரம் பக்க அளவினது. பாடல்கள் இணையிணையான தொடர்களால் அமைந்தவை. ஒவ்வொரு மந்துக்கும், எருமைக்கும், சடங்குச் செயலுக்கும் மரபாக வகுக்கப்பட்ட இணைத்தொடர்கள் உள்ளன. அவற்றைக் கையாளத் தெரிந்த எவரும், ஆணோ பெண்ணோ, அந்நேரத்திற்கேற்பப் புதுப்பாடல் கட்டலாம். மூளை வளர்ச்சி குன்றியவர் என்று மார்ஷலின் தலைமுறை அளந்து சொன்ன மக்களிடம், இலக்கண வரம்புடைய செய்யுள் மரபொன்று அன்றாட வழக்கில் இருந்தது.

இக்காலத்தில் இடையாளரும் மாறினர். எமெனோவுக்குக் கோத்தக் கதைகளின் பெரும்பகுதியைச் சொன்னவரும், 1937இல் வந்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கு உறுதுணையாக இருந்தவரும் சுள்ளி என்னும் கோத்தர். ஆங்கிலம் கற்று, ஆசிரியராகி, மரபுக்கு மாறாக முடியை வெட்டிக்கொண்டு, தம் ஊராரின் எதிர்ப்பைத் தாங்கிச் சீர்திருத்தம் பேசிய அவரைப் பற்றி மாண்டல்பாம் தனிக்கட்டுரையே எழுதினார். நிகழ்ச்சிகளைச் செப்பமான கதையாக்கிச் சொல்லும் நாட்டம் சுள்ளியிடம் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அதுவரை பெயரின்றியோ அடிக்குறிப்பிலோ நின்ற இடையாளர், கருத்தும் சார்பும் உடைய மனிதராக ஆய்வுக்குள் வந்த கட்டம் இது.

அழிவுக் கணிப்பும் மறுநோக்கும்

19ஆம் நூற்றாண்டு முதலே தோடர் விரைவில் மறைவர் என்று பயணிகள் எழுதிவந்தனர். 1901 கணக்கெடுப்பில் 800ஐ ஒட்டியிருந்த தொகை, பால்வினை நோய்களாலும் பிற தொற்றுகளாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 500ஐ ஒட்டிச் சரிந்தது. அவற்றுள் பால்வினை நோய்கள் மலையில் குடியேற்றம் பெருகியதோடு பரவியவை என்பதை அழிவைக் கணித்தவருள் சிலரே எண்ணிப்பார்த்தனர். பின்னர்த் தோடர் சமூகத்திலிருந்தே வந்த செவிலியரின் துணையோடு நடந்த மருத்துவப் பணியால் நிலைமை மாறியது. இன்று அவர்தம் தொகை ஏறத்தாழ 2000. சுருங்கியது மேய்ச்சல்நிலம்: உருளைக்கிழங்குச் சாகுபடியும், தைலமரம், சீகைமரத் தோட்டங்களும், அணைகளும் புல்வெளிகளை விழுங்கின.

தமிழில் இத்துறைக்கு வழிகோலியவர் பிலோ இருதயநாத். ஆட்சியின் ஆணையோ பல்கலைக்கழகத்தின் நிதியோ இன்றிப் பழங்குடிகளின் ஊர்களுக்குச் சென்று, தமிழ் இதழ்களில் எளிய நடையில் தொடர்ந்து எழுதியதன் வழியே, ஆங்கில நூல்களில் அடைபட்டிருந்த பொருளை அவர் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தார். 1960களில் ஆய்வைத் தொடங்கிய அந்தோணி வாக்கரின் 1986ஆம் ஆண்டு நூல், தோடரைத் தனித்தீவாகக் காணும் மரபை மறுத்து, தென்னிந்தியச் சமூகத்தின் பரந்த அமைப்புக்குள் வைத்து நோக்கியது. அதற்குப் பின்னர்த் தோடரே தம் வழக்கங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் முன்வந்துள்ளனர். 2013இல் தோடர் பூவேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், தம் மரபு குறித்த உரிமையைச் சட்டத்தின் மொழியில் நிலைநாட்டிய ஒரு நிகழ்ச்சியே.

முடிவுரை

ஃபெனிசியோவின் மொழிபெயர்ப்பாளர், மெட்ஸின் படகர், ரிவர்ஸின் உபதேசியார், எமெனோவின் சுள்ளி என்னும் வரிசை, நாகரிகமற்ற கருத்துகளிலிருந்து அறிவியல் நோக்கிய நேர்கோட்டு முன்னேற்றத்தைக் காட்டவில்லை. 1603இன் கடிதம் 1873இன் மண்டையோட்டு நூலைவிட நம்பத்தக்கது. 1906இன் நூல், மொழி அறியாத குறையோடும், பின்வந்த பலவற்றைவிடச் சரிபார்க்க எளியது. ஒரு நூலின் தரத்தை அதன் காலமோ ஆசிரியரின் தங்கல் அளவோ முடிவுசெய்யவில்லை. செய்தி எவர் வாய்வழி வந்தது என்பதை அந்நூல் எந்த அளவுக்கு வெளிப்படுத்துகிறது என்பதே முடிவுசெய்தது. ஆகவே இவ்வாவணங்களை இன்று பயன்படுத்துவோர், வன உரிமை, மந்து நிலம் ஆகியவை தொடர்பான வழக்குகளில் அவற்றைச் சான்றாக வைப்போர் உட்பட, ஒவ்வொரு கூற்றையும் கண்டது, தோடர் சொன்னது, தோடரைப் பற்றிப் பிறர் சொன்னது என்று பிரித்த பின்னரே கையாள வேண்டும். மூன்றாம் வகையே இவ்வெழுத்தில் மிகுதி. சோம்பல், அழிவு, அயல்தோற்றம் ஆகிய நிலைத்த கருத்துகள் பெரும்பாலும் அவ்வகையிலிருந்தே பிறந்தவை. முதலிரண்டு வகைகளை இன்றைய மந்துகளில் வாழ்வோரோடு அமர்ந்து மீள வாசிக்கும் பணி, இத்துறையில் அடுத்துச் செய்யப்பட வேண்டியது.